வாளுக்கு எவ்வளவு, வாய்க்கு எவ்வளவு: லார்ப் குழுக்களில் தீராத ஒரு வழக்கு

ஒரே மைதானத்தில் ஒரே வார இறுதியில் ஆடிவிட்டு, ஞாயிறு மாலை கூடாரம் பிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடம் ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு நாளும் பேசியே ஓட்டிட்டாங்க, வாளை உருவவே விடல" என்பார் ஒருவர். "ஒரு விஷயத்தை உட்கார்ந்து பேச முடிஞ்சுதா? கொஞ்சம் பேச ஆரம்பிச்சா காட்டுக்குள்ள இருந்து பூதம் வந்துடுது" என்பார் அடுத்தவர். இருவரும் பொய் சொல்லவில்லை. லார்ப் என்று அழைக்கப்படும் வேடமேற்பு விளையாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. எத்தனையோ குழுக்கள் இதனால் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன.

பழக்கமில்லாதவர்களுக்கு ஓர் அறிமுகம். லார்ப்பில் பங்கேற்பவர்கள் ஒரு கற்பனை உலகத்தின் மனிதர்களாகவோ, எல்ஃப், ஓர்க் போன்ற கதை இனத்தவராகவோ உடையுடுத்தி, ஒரு காட்டிலோ கோட்டையிலோ முகாம் மைதானத்திலோ ஓரிரு நாள் அந்தப் பாத்திரமாகவே இருப்பார்கள். பார்வையாளர் என்று யாரும் கிடையாது. எழுதிவைத்த வசனமும் இல்லை. பேச வேண்டியதை வாயால் பேச வேண்டும், ஓட வேண்டியதைக் காலால் ஓட வேண்டும். சண்டை வந்தால் கண்ணாடியிழைக் கம்பியையோ பி.வி.சி. குழாயையோ நடுவில் வைத்து, மேலே தடித்த ஃபோம் சுற்றி, துணியாலோ லேடெக்ஸாலோ மூடிய வாளால் உண்மையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வழக்கின் வேர் இருக்கிறது. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிவந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் சண்டையும் வாயால்தான், சமாதானமும் வாயால்தான். இரண்டையும் முடித்துவைப்பது பகடை. மேசையை விட்டு எழுந்து காட்டுக்குள் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. சண்டை உடம்புக்குப் போய்விடுகிறது, பேச்சு நாக்கிலேயே தங்கிவிடுகிறது. நல்ல கையோட்டம் உள்ளவருக்கு நாலு பேர் நடுவில் பேசக் கூச்சமாக இருக்கலாம். பேச்சில் வல்லவருக்கு முழங்கால் வலி இருக்கலாம். இருவரும் ஒரே கட்டணம் கட்டி ஒரே மைதானத்துக்கு வந்தவர்கள்.

எத்தனை மணி நேரம் சண்டை, எத்தனை மணி நேரம் பேச்சு என்று நேரத்தைப் பங்கு போட்டால் சமன் வந்துவிடும் என்பது இந்த வழக்கில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. அது வேலைக்காகாது என்பது என் திடமான கருத்து. சண்டைக்கு விலை இருக்கிறதா, அந்தச் சண்டையை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்யும் உரிமை பேச்சுக்கு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் சமன் இருக்கிறது. நன்றாக ஓடும் குழுக்கள் இந்த இரண்டையும் எப்படியோ தீர்த்து வைத்திருக்கின்றன. தடுமாறும் குழுக்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பிறந்த இடத்தின் குணம்

ஒவ்வொரு குழுவின் சாய்வும் அது தொடங்கிய விதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை ஒட்டி 1977இல் தொடங்கிய டகோர்ஹிர், கற்பனைப் போர்களை மைதானத்தில் நடத்திப் பார்க்கும் ஆசையில் பிறந்தது. அதன் சண்டை விதிகளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். கையில் அடி விழுந்தால் அந்தக் கை போயிற்று, காலில் விழுந்தால் கால் போயிற்று, மார்பிலோ வயிற்றிலோ விழுந்தால் சாவு, இரண்டு உறுப்புகள் போனாலும் சாவு. செத்தவர் சற்று நேரத்தில் அடுத்த மோதலுக்கு எழுந்து வருவார். பெயரும் உடையும் கொடியும் உண்டென்றாலும் மையத்தில் இருப்பது போர்தான். அங்கே போய் "எனக்குப் பேசச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை" என்று குறைப்படுவதில் பொருளில்லை.

இங்கிலாந்தில் லார்ப் 1982இல் செஷயரிலுள்ள பெக்ஃபோர்டன் கோட்டையில் தொடங்கியது. ட்ரெஷர் ட்ராப் என்ற அந்த அமைப்பில், விளையாடுபவர்கள் சிறு குழுவாகக் கோட்டைக்குள் நுழைய, உள்ளே வேடமிட்ட பூதங்கள் காத்திருக்கும். மேசையில் ஆடிய நிலவறைச் சாகசத்தை அப்படியே கல்லுக்கும் இருட்டுக்கும் கொண்டுபோன முயற்சி அது. சில ஆண்டுகளில் மூடப்பட்டாலும், டரம் பல்கலைக்கழக மாணவர் குழு அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. அறைக்கு அறை ஏதோ ஒன்று காத்திருக்கும், அதை அடித்தால் அடுத்த அறைக்குப் போகலாம் என்ற அந்த அமைப்பு பிறகு வந்த எத்தனையோ குழுக்களின் எலும்பில் ஏறிவிட்டது. வீரர்கள் ஊரில் இருப்பார்கள், அமைப்பாளர் பூதங்களை அலை அலையாக அனுப்புவார். வார இறுதி லார்ப் என்றாலே இப்படித்தான் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்கள் வட ஐரோப்பியர்கள். 1994இல் ஸ்வீடனில் நடந்த ஒரு பெரிய கற்பனையுலக லார்ப்பில் பங்கேற்பாளர்கள் காட்டுக்குள் ஊர்களையே கட்டி அதில் வாழ்ந்தார்கள். அன்றாட வாழ்வே ஆட்டம். 1997 முதல் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து என்று மாறி மாறி ஆண்டுக்கொரு முறை கூடும் க்னூட்டபுங்க்ட் மாநாடு இந்தப் போக்குக்கு ஒரு சிந்தனை மரபையே உருவாக்கியது. 1999இல் நார்வேயில் எழுதப்பட்ட டாக்மா 99 அறிக்கை ஒரே வெட்டாக வெட்டியது: ஆட்டத்தை அமைப்பவர் வன்முறையையோ வன்முறை மிரட்டலையோ திட்டமிடவும் கூடாது, தூண்டவும் கூடாது, சண்டையையும் மந்திரத்தையும் பாவனை செய்யும் விதிகளே கூடாது. எல்லோரும் அதைப் பின்பற்றவில்லை, பின்பற்ற வேண்டும் என்று அதை எழுதியவர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சண்டை இல்லாவிட்டால் ஆட்டத்தில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை அதைப்போல் நேராகக் கேட்டவர்கள் குறைவு.

சண்டையை எடுத்துவிட்டாலும் வழக்கு தீர்வதில்லை. இரத்தக்காட்டேரிகளாக ஆடுவதற்கு 1993இல் வந்த வாம்பயர் லார்ப் விதிகளில் ஆயுதமும் கிடையாது, ஒருவரை ஒருவர் தொடுவதும் கிடையாது. மோதல் வந்தால் கல்-தாள்-கத்தரி ஆட்டத்தால் முடிவு. ஒரு கூடத்தில் நாற்பது பேர் சதியும் சூழ்ச்சியும் பேசிக்கொண்டிருக்க, மூலையில் இருவருக்குக் கைகலப்பு வந்துவிட்டால் அதில் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் காலம் உறைந்துபோகும். யார் முதலில், யாருக்கு என்ன திறன், எத்தனை காயம் என்று கணக்குப் பார்த்து முடிப்பதற்குள், கதையில் அரை நிமிடம் நடந்த சண்டை அறையில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். சண்டை குறைவாக உள்ள ஆட்டத்தில்தான் சண்டை அதிக நேரம் எடுக்கிறது.

வாய் ஒன்றுதான்

விதிப்புத்தகத்தைத் திறந்தால் சண்டைக்கு எவ்வளவு பக்கம், பேச்சுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். சண்டைக்குப் பாதுகாப்பு விதி வேண்டும். தலையில் அடிக்கக்கூடாது, கம்பி உள்ள முனையால் குத்தக்கூடாது, அம்பு முனைக்குத் தடித்த மெத்தை வேண்டும், வில்லின் இழுவிசைக்கு வரம்பு வேண்டும். பிரிட்டிஷ் குழுக்களில் இது பொதுவாக 30 பவுண்டு, டகோர்ஹிரில் 35. இவை இல்லாவிட்டால் கண் போகும். அதனால் சண்டை விதிகள் தடிப்பதைத் தவிர்க்க முடியாது. விதி எங்கே தடித்திருக்கிறதோ அங்கேதான் புதிதாக வருபவரின் கவனமும் போகும், பாத்திரத்துக்குத் திறன் வாங்கும் ஆசையும் போகும். திறன் பட்டியலில் பத்தில் எட்டு அடிப்பதையும் தடுப்பதையும் பற்றி இருந்தால், "இது நாடகத்துக்கு முன்னுரிமை தரும் குழு" என்று முன்னுரையில் எழுதிவைத்து என்ன பயன்?

அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. 1980களில் மாசசூசெட்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய நீரோ, அதன் வழிவந்த குழுக்கள் ஆகியவற்றில் வாள் வீசுபவர் ஒவ்வோர் அடிக்கும் அது எத்தனை புள்ளி, எந்த வகை என்று உரக்கச் சொல்ல வேண்டும். "ஐந்து சாதா", "மூன்று வெள்ளி", "பத்து நெருப்பு" என்ற மாதிரி. மந்திரம் என்றால் பறவைத் தீனி நிரப்பிய சிறு துணிப் பொட்டலத்தை எறிந்துகொண்டே மந்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அடி வாங்குபவர் தன் பாத்திரத்துக்கு உள்ள உயிர்ப்புள்ளிகளிலிருந்து அதை மனத்துக்குள் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் ஒரு பழம்பெரும் மல்லனாக ஆட வேண்டுமானால் அவள் கையின் பலத்தை எண் ஈடுகட்டியாக வேண்டும். ஆனால் மனிதருக்கு வாய் ஒன்றுதான். அது எண்ணைக் கூவிக்கொண்டிருக்கும்போது "என் தம்பியைக் கொன்றவன் நீதானா?" என்று கேட்க முடியாது. போரின் நடுவே பாத்திரம் மறைந்து கணக்குப்பிள்ளை மட்டும் நிற்பார்.

ஜெர்மானியர்கள் இதை வேறு வழியில் அணுகினார்கள். "எதை நடித்துக்காட்ட முடியுமோ அது உன்னால் முடியும்" என்பது அங்கே பரவலான கொள்கை. அதோடு சேர்ந்து வருவது ஓப்ஃபர்ரேகல், அதாவது அடிபட்டவரே விளைவை முடிவு செய்யும் விதி. உன் வாள் என்மேல் பட்டது. எவ்வளவு ஆழமான காயம், விழுவதா, தள்ளாடுவதா, கையைப் பிடித்துக்கொண்டு அலறுவதா என்பது என் முடிவு. எண்ணே இல்லாததால் சண்டை முழுக்க நடிப்பாகிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரர் தன் தோல்வியையே ஒரு காட்சியாக்குவார். தெருக் கிரிக்கெட்டில் அவுட்டே ஆகாத அண்ணன் ஒருவர் இருப்பாரே, அவரைப் போன்ற ஒருவர் வந்துவிட்டால் இந்த முறை தள்ளாடும் என்பதும் உண்மை. ஆனால் எண் முறையிலும் கழிப்பவர் அடிபட்டவர்தான், ஏமாற்ற நினைப்பவர் அங்கேயும் ஏமாற்றலாம். 1966இல் பெர்க்லியில் தொடங்கிய எஸ்.சி.ஏ. என்ற, ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை மீண்டும் நடத்திப் பார்க்கும் அமைப்பில், கவசம் அணிந்து பிரம்பு வாளால் பலமாகவே அடித்துக்கொள்கிறார்கள். அங்கும் அடி சரியாக விழுந்ததா என்று சொல்வது அடிபட்டவரின் நேர்மைதான். அரசர் யார் என்பதே அப்படி ஒரு போட்டியில்தான் தீர்மானமாகிறது. நம்பிக்கை இல்லாமல் எந்த முறையும் நிற்காது என்னும்போது, பேச்சுக்கு இடம் விடும் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சாவுக்கு என்ன விலை

சாவு மலிவாக இருக்கும் ஆட்டத்தில் பேச்சு தழைக்காது. அடிபட்டு விழுந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்றால், கொள்ளைக்காரனோடு பேரம் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வாளை உருவுவதே சுருக்கு வழி. சாவு மிகவும் விலை உயர்ந்ததாக இருந்தாலும் சிக்கல். ஆறு வருடம் வளர்த்த பாத்திரத்தை, மாதக்கணக்கில் தைத்த உடையோடு சேர்த்து, ஒரு தவறான திருப்பத்தில் இழக்கத் தயங்குபவர்கள் சத்திரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். நீரோ வழிவந்த சில குழுக்கள் இதற்கு ஒரு பையைக் கண்டுபிடித்தன. செத்தவர் உயிர்த்தெழுதல் சடங்கில் அந்தப் பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மறுவாழ்வு, கறுப்பு வந்தால் பாத்திரம் முடிந்தது. சாகச் சாகக் கறுப்புக் கல் கூடும். பலமுறை செத்தவர் பைக்குள் கைவிடும்போது சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். ஒரு சண்டை முடிந்து சில மணி நேரம் கழித்தும் அதன் பாரம் ஊரில் நிற்கிறது. சண்டையும் பேச்சும் தைத்துப்போகும் இடம் அது.

இங்கிலாந்தில் ப்ரொஃபவுண்ட் டிசிஷன்ஸ் நிறுவனம் 2013 முதல் நடத்திவரும் எம்பயர், இந்த வழக்கைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் நான் பெரிதும் மதிக்கும் ஒன்று. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

எம்பயரில் உயிர்த்தெழுதல் கிடையாது, போனால் போனதுதான். ஆனால் விழுந்தவுடன் சாவு இல்லை. உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவருக்குப் பொதுவாக மூன்று நிமிடம் இருக்கிறது. அதற்குள் மருத்துவத் திறன் உள்ள ஒருவர் வந்து, அரை நிமிடமாவது சிகிச்சையை நடித்துக் காட்டி முடித்தால் பிழைக்கலாம். இந்த மூன்று நிமிடம் செய்யும் வேலையைப் பாருங்கள். படையில் வாள் பிடிக்காத ஒருவர் உயிர்நாடியாகிவிடுகிறார். விழுந்தவரை இழுத்துவர இருவர் தேவைப்படுகிறார்கள். இரத்தம் கட்டும் அரை நிமிடத்தில் பேச்சு நடக்கிறது, சத்தியங்கள் நடக்கின்றன, சில சமயம் கடைசி வார்த்தைகளும். போர்க்களத்தின் நடுவிலேயே நாடகத்துக்கு ஓர் இடம் விதியால் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடிகளுக்கு எண் கூவ வேண்டியதும் இல்லை. பட்ட ஒவ்வோர் அடிக்கும் ஓர் உயிர்ப்புள்ளி போகும், சில சிறப்பு அடிகளுக்கு மட்டும் ஒரு சொல்.

அதைவிடப் பெரிய ஏற்பாடு போர் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு நிகழ்வுகள், ஒவ்வொன்றும் கதையில் ஒரு பருவம். பேரரசுக்குப் பத்து தேசங்கள், அவற்றிலிருந்து வரும் செனட்டர்கள், தளபதிகள். நிகழ்வுகளுக்கு இடையில் தளபதிகள் தம் படைகளுக்கு எழுதும் கட்டளைகளால் வரைபடத்தில் எல்லைகள் நகர்கின்றன. நிகழ்வின்போது, மாயவாயில் எந்தெந்தப் போர்க்களத்துக்குத் திறக்கக்கூடும் என்ற செய்தி வருகிறது. அவற்றுள் எதற்குப் போவது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுப்பது தளபதிகளின் போர்க்குழு. எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஒரு தேசத்தின் ஊரைக் காப்பாற்றப் போனால் இன்னொரு தேசத்தின் ஊர் எரியும். அதனால் வெள்ளிக்கிழமை இரவு கூடாரங்களுக்கு இடையில் மிரட்டல், கெஞ்சல், லஞ்சம், பழைய கடன்களை நினைவூட்டல் எல்லாம் நடக்கின்றன. சனிக்கிழமை போரில் ஒருவர் கேடயத்தை உயர்த்தும்போது, அங்கே ஏன் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதும் தெரியும். போரில் வென்றது தோற்றது அடுத்த பருவத்து வரைபடத்தை மாற்றும், அதைப் பற்றி செனட்டில் மறுபடி வாக்குவாதம் நடக்கும்.

எதிரியாக யார் ஆடுவது? சனிக்கிழமை பாதித் தேசங்கள் போருக்குப் போக, மீதிப் பாதியினர் முகமூடி மாட்டிக்கொண்டு எதிரி ஓர்க்குகளாக ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இடம் மாறும். நேற்று உங்களைக் கொல்லப் பாய்ந்தவர் இன்று உங்கள் கூட்டாளி தேசத்துப் பாதிரியார். இந்த ஏற்பாட்டால் நூற்றுக்கணக்கான எதிரிகளுக்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. அதோடு, போர் என்பது வார இறுதியில் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பாத்திரமாகவும் ஒருமுறை எதிரியாகவும் வருவது. மற்ற நேரம் முழுவதும் பேச்சுக்கும் வணிகத்துக்கும் சடங்குக்கும் திறந்து கிடக்கிறது. வாளை முழுதாகத் தவிர்ப்பவருக்கும் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. வாளுக்காகவே வருபவருக்கும் பல நூறு பேர் மோதும் களம் இருக்கிறது.

பேச்சு மட்டும் நல்லதா?

இதுவரை சொன்னதில் சண்டைக்காரர்கள்தான் குற்றவாளிகள் என்ற தொனி வந்திருந்தால் அதை இங்கே நேர் செய்ய வேண்டும். பேச்சு மட்டும் பெருத்த குழுக்களையும் நிறையக் காணலாம். சத்திரத்தின் நல்ல நாற்காலிகளில் பழைய ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களுக்குள் மூன்று வருடத்து ரகசியங்கள். புதிதாக வந்த பையன் உடையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். யாரிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனிடம் ஒரு ரகசியமும் இல்லை. அந்த நேரத்தில் காட்டோரம் நாலு பூதம் வந்தால் அவனுக்கு உடனே ஓர் இடம் கிடைக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் கேடயத்தோடு தன் கேடயத்தைச் சேர்க்கலாம், யாரையாவது இழுத்துக் காப்பாற்றலாம். சண்டை முடிந்ததும் "நல்லா நின்னே தம்பி, பேர் என்ன?" என்று கேட்பார்கள். அவன் முதல் உரையாடல் அங்கே பிறக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குச் சண்டையைப் போன்ற வாசல் வேறில்லை. இதைப் பேச்சுக்காரர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஆபத்தே இல்லாத பேச்சு மெல்ல மெல்ல வம்பாகவும் தேய்ந்துவிடும். என்ன துரோகம் செய்தாலும் யாரும் வாளை உருவ மாட்டார்கள் என்று தெரிந்தால் துரோகத்துக்கு ருசி இல்லை. தூதர் எதிரி முகாமுக்குள் நடக்கும்போது திரும்பி வராமல் போகலாம் என்ற அச்சம் உண்மையாக இருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றியும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். மூட்டுவலிக்காரர், கர்ப்பிணி, பார்வைக் குறைபாடு உள்ளவர் என்று அடிவாங்கக் கூடாதவர்கள் எல்லாக் குழுக்களிலும் உண்டு. பல குழுக்கள் அவர்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டையைக் கொடுத்து, அவர்களை அடிக்காமல் ஆயுதத்தைச் சற்றுத் தள்ளி நீட்டினாலே தாக்கியதாகக் கொள்கின்றன. பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் ஆட்டத்தின் முக்கியமான முடிவு எல்லாம் களத்திலேயே நடக்குமானால் பட்டை கட்டியவர் மரியாதையான பார்வையாளர்தான். அதேபோல, நாவன்மை மிக்க தூதராக ஆட விரும்பும் திக்குவாய்க்காரருக்கு என்ன செய்கிறோம்? வாளுக்கு உயிர்ப்புள்ளி கொடுத்து ஈடுகட்டிய குழுக்கள் நாக்குக்கு எதையும் கொடுப்பதில்லை. எண் கொடுத்து அதைத் தீர்க்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. "நான் வசியம் செய்தேன், நீ ஒப்புக்கொள்" என்பது பேச்சையே கொன்றுவிடும். முத்திரை மோதிரம், அரசரின் கடிதம், பதவி, ஒரு வாக்கு என்று அவர் கையில் எடையுள்ள ஒரு பொருளைக் கொடுக்கலாம். செனட்டில் வாக்கு இருப்பவரின் பேச்சை அவர் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யாருக்கு என்ன வேண்டும் என்பதையும் "சண்டை", "பேச்சு" என்ற இரண்டு பெட்டிக்குள் அடைப்பது சரியில்லை. மேசை விளையாட்டுக்காரர்கள் 1990களில் இணைய விவாதங்களில் உருவாக்கிய ஒரு பகுப்பை, நார்வேயைச் சேர்ந்த பெத்தர் பெக்மன் 2003இல் லார்ப்புக்குப் பொருத்தினார். நல்ல கதை வேண்டும் என்பவர், சவாலும் வெற்றியும் வேண்டும் என்பவர், பாத்திரத்துக்குள் முழுகிப்போக வேண்டும் என்பவர் என்று மூவகை. இதை வைத்துப் பார்த்தால் பல புகார்களுக்கு வேறு முகம் தெரிகிறது. செனட்டில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவர் நாடகக்காரராக இருக்க வேண்டியதில்லை. வெற்றிக்காக ஆடும் ஆட்டக்காரராக இருக்கலாம், அவருக்கு வாக்குதான் வாள். போர்க்களத்துக்கு முதலில் ஓடுபவர், இருட்டில் எதிரி நெருங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த உண்மையான பயத்துக்காக, பாத்திரத்தில் முழுகுவதற்காகவே ஓடலாம். இவர்கள் இருவருக்கும் சண்டையைக் கூட்டுவதோ குறைப்பதோ மருந்தாகாது.

பரிசு எதற்கு என்பதும் சாய்வைத் தீர்மானிக்கிறது. 1983இல் டெக்சஸின் எல் பாசோ நகரில் தொடங்கிய ஆம்ட்கார்டும் சண்டையை மையமாகக் கொண்ட குழுதான். ஆனால் அங்கே வீரப்பட்டம் ஒரே வழியில் வருவதில்லை. சண்டைத் திறனுக்கு ஒரு பட்டம், கலை கைவினைக்கு ஒன்று, குழுவுக்குச் செய்யும் சேவைக்கு ஒன்று, பதவி வகித்து நடத்தியதற்கு ஒன்று என்று நான்கு மரபான வழிகள். நன்றாகத் தைப்பவரும் நன்றாகச் சமைப்பவரும் சரிசமமாகப் பட்டம் பெறும் இடத்தில், வாள்காரர் தனக்குத்தான் முதல் மரியாதை என்று நினைக்க முடியாது. பூதத்தை அடித்தால் மட்டுமே காசும் அனுபவப் புள்ளியும் விழும் குழுக்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

முப்பது பேர் குழுவுக்கு

எம்பயர் மாதிரி ஆயிரத்துக்கு மேல் ஆள் சேரும் இடத்தில் முடிவது, மாதம் ஒருமுறை ஒரு சாரணர் முகாமை வாடகைக்கு எடுக்கும் முப்பது பேருக்கு முடியுமா? பெரும்பாலான குழுக்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன. அங்கே சண்டை பெருகுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு: அமைப்பாளருக்கு நேரமில்லை. சலிப்பு தட்டினால், ஐந்து பேருக்கு முகமூடி மாட்டி அனுப்பப் பத்து நிமிடம் போதும். ஒரு சதியை விதைக்க இரண்டு மாதம் வேண்டும், அதைத் தெரிந்த நாலு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் போயிற்று. களைத்துப்போன அமைப்பாளருக்குப் பூதம்தான் கைக்கெட்டும் கருவி.

அதனால் பூதங்களைக் குறையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பூதத்துக்கு ஒரு காரணம் கொடுக்கலாம். எதிரியாக அனுப்பப்படும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அமைப்பாளர் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொடுத்தால் ஆட்டமே மாறிவிடும். இவர்கள் எதற்காக வருகிறார்கள், என்ன கொடுத்தால் திரும்பிப் போவார்கள், எத்தனை பேர் விழுந்தால் ஓடுவார்கள். குளிர்காலத்துக்குத் தானியம் தேடி வந்த ஓர்க்குக் கூட்டத்தை அடித்தும் விரட்டலாம், அரை மூட்டை கொடுத்தும் அனுப்பலாம். கொடுத்தனுப்பினால் பெரிய கூட்டமாக மறுபடி வருவார்களா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதத்தில் பட்டை கட்டியவர், வாள்காரர், சத்திரத்து ரகசியக்காரர் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஓடிப்போன ஓர்க்கை அடுத்த மாதம் பெயரோடு திருப்பிக் கொண்டுவரலாம். சரணடையும் எதிரியைச் சிறைபிடிக்க ஒரு தெளிவான விதியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கட்டிப்போட்ட கைதி ஒருவர் சத்திரத்துக்கு வந்துவிட்டால் அந்த இரவு முழுக்கப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. கைதியாக ஆடுபவருக்கு மட்டும் நல்ல சாப்பாடும், கட்டுகளை எப்போது வேண்டுமானாலும் அவிழ்க்கலாம் என்ற உறுதியும் முன்கூட்டியே தரப்பட வேண்டும்.

அழைப்பிதழிலேயே உண்மையைச் சொல்லிவிடுவதும் முக்கியம். "இந்த முறை சனி இரவு பெரிய சண்டை, ஞாயிறு காலை விசாரணை" என்று போட்டால் யாருடைய ஆச்சரியமும் கெட்டுப்போகாது. முழங்கால் வலிக்காரர் ஞாயிறுக்குத் தயாராக வருவார், வாள்காரர் சனி பகலில் தூங்கி எழுந்து வருவார். விசாரணையில் யார் நிற்கப்போகிறார் என்பது சனி இரவு யாரைக் கொன்றார்கள் என்பதைப் பொறுத்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அடிப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பவர்கள் கூடுவார்கள்.